அறுபத்து நான்காம் பத்தி

பெண்ணைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். இந்த பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். என்னிடம்தானா கேட்க வேண்டும்?

சேருங்கள். சேர்க்காமலும் இருங்கள். எனக்கென்ன. முப்பது வருஷம் அந்த வேலைதான் பார்த்தேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன், இனி பதில் சொல்லாமல் விடமாட்டீர்கள். பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் உக்கடம் போக ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் நானும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வாய் விட்டுச் சொன்னால் வருகிறதா பார்ப்போம்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே நஸ்ரின் என்று ஒரு பெண் காத்திருக்கிறாள். நான் ஒரு தலைப்பு சொல்ல வேண்டும். ஒரே ஒரு தலைப்பு. சொன்னால் தொண்ணூற்று நான்கு பக்கத்தை அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, மதியம் ஒரு மணிக்குள் ஆடிட்டர் ஆபீசில் கொடுத்துவிடுவாள். சொல்லாவிட்டால் சிபி என்கிற பையனின் கம்பெனி அவ்வளவுதான். பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவன்.

எட்டு நாளாக யோசிக்கிறேன்.

அந்த ஜன்னலைச் சாத்துங்கள். காற்று முகத்தில் அறைகிறது.

என் பெயர் மருதாசலம். வங்கிகளுக்கு மென்பொருள் எழுதினேன். ஜாவாவில். கம்ப்யூட்டரிடம் வேலை சொல்ல ஒரு மொழி, அவ்வளவுதான், பயப்படாதீர்கள். ஐம்பத்தேழு வயதில் கேக் வெட்டி, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பினார்கள். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். சால்வை இன்னும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தூசு படாமல் மூடி வைத்திருக்கிறேன்.

வீட்டில் நான்கு வருஷம். என்ன செய்தேன் என்கிறீர்களா? ருக்மணி மிக்ஸி கேட்டாள். என் மனைவி. பழையது புகைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியுமா? ஓர் அட்டவணை போட்டேன். பதினோரு மிக்ஸி. மோட்டார் சத்தம் கேட்கக் கடை கடையாகப் போனேன். ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் எங்கள் சட்னி பக்கத்து வீட்டில் அரைபட்டது. எட்டாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர்களே ஒரு மிக்ஸியை வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். என் அட்டவணையில் அது ஒன்பதாம் இடம். நன்றாகத்தான் அரைக்கிறது. இருந்தாலும் ஒன்பதாம் இடம்.

அப்படி இருக்கும்போதுதான் சிபி வந்தான்.

சிபியின் அப்பாவும் நானும் காலேஜில் ஒரே பெஞ்சு. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். பையனுக்கு ஒரு யோசனை. தென்னையில் நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை காய் இறக்க வேண்டும். ஏறுவதற்கு ஆள் கிடையாது. தோப்புக்காரர் பத்துப் பேருக்குப் போன் போடுவார். ஏறுகிறவர் ஒரே நாளில் மூன்று தோப்புக்கு ஒப்புக்கொண்டிருப்பார். இவருக்குக் கோபம், அவருக்கு அலைச்சல். இரண்டு பக்கத்தையும் போனிலேயே சேர்த்து வைக்கிற ஒரு அப்ளிகேஷன். ஸ்டார்ட்-அப் என்றான். நல்ல யோசனை. நான் யாரையும் லேசில் பாராட்டமாட்டேன். நல்ல யோசனை.

ஆனைமலையில் தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரு உற்பத்தியாளர் கம்பெனி வைத்திருக்கிறார்கள். முந்நூற்று நாற்பது பேர். பதினோரு வாரம் கழித்து அவர்கள் கூட்டம். அன்றைக்கு இது ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் முந்நூற்று நாற்பது தோப்பும் சிபிக்கு. ஓடாவிட்டால் இதே வேலையைச் செய்யும் வேறு ஓர் ஆளுக்குப் போய்விடும். இவன் திரும்ப பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“மாமா, நீங்க ஆர்க்கிடெக்டா வந்து உக்காருங்க. ஜாவாவுல பண்றம்னு முடிவு பண்ணியாச்சு. எந்த ஃபிரேம்வொர்க்குன்னு மட்டும் சொல்லுங்க. சொன்ன அன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்.”

ஃபிரேம்வொர்க் என்றால்? நீங்கள் என்ன தொழில்? சென்ட்ரிங் காண்ட்ராக்டா? பிறகென்ன. பலகையும் முட்டும் கம்பியும் ஒருத்தர் அடித்துத் தந்துவிடுவார், நாம் கான்கிரீட் ஊற்றினால் போதும். அந்த மாதிரி பாதி வேலையை எழுதி வைத்துத் தருவார்கள். ஜாவாவில் அப்படி ஏகப்பட்டது இருக்கிறது. ஸ்பிரிங், ஸ்ட்ரட்ஸ், விக்கெட், வாடின், பிளே, குவார்க்கஸ், மைக்ரோநாட். இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

“எப்போது சொல்ல வேண்டும்?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை.”

“வெள்ளிக்கிழமையா? டேய், கத்திரிக்காயா வாங்குகிறோம்?”

ருக்மணி உள்ளேயிருந்து, “கத்திரிக்காய்னா பத்து நாள் ஆகும், தம்பி” என்றாள். அவளை விடுங்கள்.

ஆபீஸ் பொள்ளாச்சியில், உரக்கடைக்கு மேல். மூன்று நாற்காலி, ஒரு ஃபேன், யூரியா வாசனை. சிபி, நஸ்ரின், நான். நஸ்ரின் புரோகிராம் எழுதுகிறவள். கோயமுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள், இருபத்தாறு வயது, அதிகம் பேசமாட்டாள், பேசினால் தைக்கும். கதவில் என் பெயரை ஒட்டியிருந்தார்கள். மருதாசலம், தலைமை ஆர்க்கிடெக்ட். கட்டடத்துக்கு இல்லை, மென்பொருளுக்கு. காலையில் எட்டரைக்கே போய்விடுவேன். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு. அந்தப் பெயர்ப்பலகைக்காக என்று நினைக்காதீர்கள். அட்டவணைக்காகத்தான்.

அட்டவணை எப்படி என்றால், இந்தப் பக்கம் ஏழு பெயர். மேலே பத்திகள், அதாவது மேலிருந்து கீழே போகிற கட்டங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தலைப்பு. வேகம் எப்படி, கற்க எளிதா, பிழை வந்தால் கண்டுபிடிக்க முடியுமா, பத்து வருஷம் தாங்குமா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கடைசியில் கூட்டினால் விடை வந்து விழும். நேர்மையான முறை. முதல் வாரம் பன்னிரண்டு பத்தி. மூன்றாம் வாரம் ஸ்பிரிங் இரண்டு மதிப்பெண் முன்னால் வந்துவிட்டது.

எனக்குத் திக்கென்றது. இவ்வளவு சுலபமாகவா? ஏதோ விட்டிருக்கிறோம். டீ குடிக்கக் கீழே போனேன். யோசித்தேன். மேலே வந்து இன்னும் நான்கு பத்தி சேர்த்தேன். சமமாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

ஏன் சிரிக்கிறீர்கள்?

எந்த ஃபிரேம்வொர்க்கிலும் குறை சொல்ல முடியாது. ஏழும் நல்லவை. ஒன்றாவது மோசமாக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஒன்றுகூட ஒத்துழைக்கவில்லை.

படித்தால் மட்டும் போதாது, எழுதிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நஸ்ரினைக் கூப்பிட்டேன். “ஏழிலும் ஒரே பக்கத்தை எழுது. லாகின் பக்கம்.” லாகின் தெரியுமல்லவா? பெயர் போட்டு, ரகசிய எண் போட்டு உள்ளே நுழைகிற வாசல். எழுதினாள். ஒவ்வொன்றும் நான் சொல்கிற மாதிரி வரும்வரை விடவில்லை. ஒன்றில் பொத்தான் இரண்டு புள்ளி கீழே இருந்தது. திருப்பி எழுதச் சொன்னேன். ஒப்பிடும்போது ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?

ஐந்தாவது வாசல் முடிந்த அன்று கேட்டாள். “சார், உள்ள போனா என்ன சார் இருக்கு?”

“எதன் உள்ளே?”

“லாகின் பண்ணி உள்ள போனா.”

“இன்னும் ஒன்றும் இல்லை.”

“அஞ்சுலயுமா சார்?”

“அஞ்சிலும்தான்.”

“சரிங்க சார். ஆறாவதைக் கட்டறேன்” என்று எழுந்து போனாள். இந்தக் காலத்துப் பெண்கள். ஆனால் கட்டினாள்.

நடுவில் வெள்ளிங்கிரியை வரச் சொன்னேன். மரம் ஏறுகிறவர். கீழே இருபது பேர் வைத்திருக்கிறார். பயன்படுத்தப் போகிறவர்களைக் கேட்டுவிட்டுச் செய்வதுதான் முறை. ஆள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் மரப்பட்டை மாதிரி.

“ஒரு தோப்புக்குப் போகிறீர்கள். இருநூறு மரம். எந்த மரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?” என்றேன்.

அவர் சிபியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வண்டிய நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல இருக்கறதுலீங்க.”

“அதுதான் சிறந்த மரம் என்று எப்படித் தெரியும்?”

“அல்லாத்துலயும் ஏறத்தானுங்களே போறம்?”

இவரிடம் முறை இல்லை என்று குறித்துக்கொண்டேன். டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கிணத்துக்கடவு வந்துவிட்டதா? சீக்கிரம் ஓட்டுகிறான். மெதுவாகப் போகச் சொன்னால் கேட்பானா?

சிபி முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் வந்து நின்றான். “மாமா, எது?” அடுத்த வெள்ளி என்பேன். மூன்றாம் வாரத்திலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டான். என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ருக்மணியிடம்கூடச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனால் வேறு ஒன்று கண்ணில் பட்டது. மதியம் ஆனால் சிபியும் நஸ்ரினும் எழுந்து கீழே போய்விடுவார்கள். உரக்கடைக்குப் பின்னால் ஒரு குடோன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேரும் குசுகுசு என்று பேச்சு. நான் படி இறங்கினால் பேச்சு நிற்கும். லேப்டாப் மூடும். ஒருநாள் நஸ்ரின் ஏதோ காட்ட, இவன் துள்ளிக் குதித்ததை நானே பார்த்தேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் பிழை கண்டுபிடித்தவன் நான். எனக்கா தெரியாது?

காதல்.

இவன் வீடு ஒரு மாதிரி, அவள் வீடு ஒரு மாதிரி. ஊரே எரியும். இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். பாருங்கள், அதில் மட்டும் இரண்டே நாளில் முடிவு. ஊர் என்ன சொன்னாலும் நான் இவர்கள் பக்கம். சிபியை மாடிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“எனக்கு எல்லாம் தெரியும்” என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. “மாமா…”

“எத்தனை நாளாக?”

“மூணாவது வாரத்துலேர்ந்துங்க மாமா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க மனசு ஒடஞ்சிருவீங்கன்னு…”

“நான் ஏன் உடைகிறேன்? உன் அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க. அவருதான் செய்டான்னாரு.”

எனக்கு ஆச்சரியம். என் சிநேகிதன் இவ்வளவு முற்போக்கா? “அவள் வீட்டில்?”

“அவங்கப்பா தெனமும் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறாருங்க. லேட்டாகுதுல்ல.”

தங்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். சிபியின் தோளைத் தட்டினேன். “மனசுக்குச் சரி என்று பட்டதைச் செய். பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தால் வயசு போய்விடும். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.”

அவன் கண் கலங்கிவிட்டது. “நெஜமாவா மாமா? கோவமில்லையா?”

“சந்தோஷம்டா. எப்போது?”

“கூட்டத்து அன்னைக்குத்தாங்க. எல்லார் முன்னாடியும்.”

முந்நூற்று நாற்பது தோப்புக்காரர்கள் முன்னாலா என்று கொஞ்சம் உதைத்தது. இருக்கட்டும், சின்னஞ்சிறுசுகள், தைரியம் என்று விட்டுவிட்டேன். ருக்மணி பட்டுப்புடவைக்குச் சொல்லி வைத்தாள்.

கூட்டத்து நாள் வந்தது. என் அறிக்கையும் முடிந்தது. தொண்ணூற்று நான்கு பக்கம். அறுபத்து மூன்று பத்தி. முதல் மூன்று இடமும் சமம், நானூற்றுப் பன்னிரண்டு. நான்காம் இடம் ஸ்பிரிங், நானூற்று மூன்று. பதினேழாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தேன்: ஸ்பிரிங்கை இப்போதைக்குத் தவிர்க்கலாம். முதல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மேலும் மூன்று மாதம் ஆராய வேண்டும். அதைத்தான் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். அவகாசம் கேட்பது தப்பில்லை. வங்கியெல்லாம் கேட்டால் கொடுக்கும்.

ஆனைமலையில் ஒரு மண்டபம். நிறைய வெள்ளை வேட்டி. தலைவர் கிட்டுசாமி மேடையில். நான் முன்வரிசையில், மடியில் அறிக்கை. என்னைக் கூப்பிடுவார்கள் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கிறேன். சிபி மைக் முன்னால் போய் நின்று, “தலைவரய்யா, உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க” என்றான்.

கிட்டுசாமி கொடுத்தார். இவன் என்னவோ அமுக்கினான். பின்சுவரில் பெரிதாகத் திரையில் தெரிகிறது. கிட்டுசாமியின் தோப்பு, நூற்றுப் பத்து மரம், கடைசியாகக் காய் இறக்கிய தேதி, ஆள் வேண்டும் என்று ஒரு பொத்தான். அமுக்கச் சொன்னான். அமுக்கினார். மண்டபத்தின் கடைசியில் ஒரு போன் சிணுங்கியது. வெள்ளிங்கிரி எழுந்து நின்றார். போனைப் பார்த்து ஒரு விரலால் தட்டினார். திரையில் வருகிறது: நாளை காலை ஆறு மணி, நான்கு பேர், வெள்ளிங்கிரி.

“அய்யா, ஆறுன்னா ஆறுங்க. டீ வெச்சிருங்க” என்று அங்கிருந்தே கத்தினார். மண்டபமே சிரித்துக் கைதட்டியது.

நான் தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸ்ரினைப் பார்த்தேன்.

“இது என்ன?”

“அப்ளிகேஷன் சார்.”

“எப்போது எழுதினாய்?”

“மத்தியானத்துக்கு மேல சார். குடோன்ல. நீங்கதான் சிபிகிட்ட சந்தோஷம்னு சொன்னீங்களாமே.”

கல்யாணம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ருக்மணிக்குப் புடவை வந்துவிட்டது, அது வேறு கதை.

“எதில் எழுதினாய்?” என்றேன்.

“ஸ்பிரிங் சார்.”

“ஸ்பிரிங்கா? அது நான்காம் இடம்!”

“மூணாவது வாரம் ரெண்டு மார்க் முன்னாடி இருந்துச்சுல்ல சார். நீங்க டீ குடிக்கப் போனீங்க. நாங்க ஆரம்பிச்சிட்டோம்.”

“அது இடைக்கால நிலவரம்!”

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. மேடையில் கிட்டுசாமி திரும்பினார்.

அவருக்கும் ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம். “தம்பி, பாக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா முந்நூத்தி நாப்பது குடும்பத்துச் சமாச்சாரம். சின்னப் பசங்கள நம்பி எப்படிக் கொடுக்கறது? நாளைக்கு நின்னு போச்சுன்னா? இதைப் பாத்துச் சரின்னு சொன்ன பெரியாளு யாராச்சும் இருக்காங்களா?”

சிபி என்னைக் காட்டினான். “எங்க மாமா இருக்காருங்க. முப்பது வருசம் பேங்க்குக்கு எழுதுனவரு.”

எல்லாத் தலையும் என் பக்கம்.

“ஏனுங்க, இது சரியா இருக்குங்களா?” என்றார் கிட்டுசாமி.

என் மடியில் பதினேழாம் பக்கம். தவிர்க்கலாம். என் கையெழுத்தோடு. முப்பது வருஷத்தில் ஓர் எண்ணை நான் மாற்றி எழுதியதில்லை. மேலதிகாரி சொல்லியும் மாற்றியதில்லை, அதனால்தான் சால்வை சீக்கிரம் வந்தது. எழுந்து நின்றேன். சிபியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். பதினோரு வாரம் என்னோடு இருந்தவன்.

“ஏழையும் பார்த்தேன். இதுதான்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன்.

“அது என்னங்க கையில?”

“அறிக்கை.”

வாங்கிப் பார்த்தார். பார்த்தார் என்றால், திறக்கவில்லை. கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், பருப்பு நிறுத்துப் பார்க்கிற மாதிரி. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் தூக்கிப் பார்த்தார். “இத்தனை பாத்திருக்காருங்களே” என்றார். முடிந்தது. எனக்கு உயிர் வந்தது.

திருப்பிக் கொடுக்கும்போது கிட்டுசாமி சொல்கிறார்: “இதை நம்ம கோயமுத்தூர் ஆடிட்டருக்குக் கொடுத்துருங்க. அடுத்த சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள. அவரு படிச்சுட்டுச் சரின்னா திங்கக்கிழமை கையெழுத்து.”

ஆடிட்டர் யார் என்று விசாரித்தேன். வரி வரியாகப் படிக்கிற ஆள். அடிக்குறிப்பைக்கூட விடமாட்டார். பாழாய்ப்போன மனுஷன், என்னைப் போலவே.

இன்றைக்குச் சனிக்கிழமை.

மலுமிச்சம்பட்டி. சரி.

மதிப்பெண்ணைத் திருத்தினால் மோசடி. அது என்னால் முடியாது. பதினேழாம் பக்கத்தைக் கிழித்தால் பதினாறுக்கு அடுத்து பதினெட்டு வரும், அந்த ஆள் கண்டுபிடித்துவிடுவார். ஒரே வழி, இன்னும் ஒரு பத்தி. அறுபத்து நான்காவது. அது என் வழக்கம்தானே? அதில் தப்பில்லை. நியாயமான ஒரு தலைப்பு, அதில் ஸ்பிரிங் மற்றவற்றைவிடப் பத்து மதிப்பெண் முந்த வேண்டும். தொகை மாறினால் பதினேழாம் பக்கம் தானாக மாறும்.

எட்டு நாளில் நாற்பது தலைப்பு யோசித்தேன். உள்ளூரில் தெரிந்த ஆள் கிடைப்பார்களா என்று ஒன்று. நல்ல தலைப்பு. ஆனால் அதில் ஸ்ட்ரட்ஸும் மார்க் வாங்குகிறது. பாடப் புத்தகங்கள் நிறைய உண்டா என்று ஒன்று. அதில் எல்லாமே வாங்குகிறது. நாற்பதையும் ஓர் அட்டவணையில் போட்டு, எந்தத் தலைப்பு சிறந்தது என்று மதிப்பெண்…

நீங்கள் சிரிக்கவே வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள். சிரியுங்கள். ருக்மணி நேற்று அதைப் பார்த்துவிட்டு, “பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?” என்றாள்.

சுந்தராபுரம் வந்துவிட்டது. மணி பன்னிரண்டே கால். தலைப்பு வரவில்லை. சிபி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தெரியுமா? எட்டு நாளாக ஒரு போன் இல்லை. முதலில் கேட்காமல் இருந்தபோது நம்பிக்கை என்று நினைத்தேன். இந்தத் தடவை என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

இருங்கள். போன். நஸ்ரின்தான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போடுகிறேன். பஸ்ஸே கேட்கட்டும்.

“சொல்லும்மா.”

“சார், எங்க இருக்கீங்க?”

“குறிச்சி. தலைப்பு இன்னும்…”

“நான் ஒண்ணு போட்டுட்டேன் சார். உங்களுக்கு ஓகேன்னா அடிச்சிரலாம்.”

“நீயா? என்ன தலைப்பு?”

“எழுதி முடிந்ததா?”

“எது?”

“அதான் சார் தலைப்பு. ‘எழுதி முடிந்ததா?’ ஸ்பிரிங்ல முடிஞ்சிருச்சு. பத்துக்குப் பத்து. மத்த ஆறுலயும் வாசல் மட்டும்தான் நிக்குது. பூஜ்யம்.”

“இது ஓர் அளவுகோலா? ஆறாவது படிக்கிற பையன் கேட்கிற கேள்வி.”

“பொய்யா சார்?”

இருங்கள், யோசிக்கிறேன்.

“பொய் இல்லை” என்கிறேன். “ஆனால் பத்து அதிகம். அறுபத்து மூன்று பத்தியில் எதற்கும் நான் பத்து போட்டதில்லை. எதிலும் ஒரு குறை இருக்கும். ஒன்பது போடு.”

“ஒன்பது போட்டா நாலும் சமம் சார். நானூத்திப் பன்னெண்டு.”

ஆற்றுப்பாலம். தண்ணீர் கொஞ்சம் ஓடுகிறது.

“சார்? லைன்ல இருக்கீங்களா? கடைக்காரர் கேக்கறார். பின்னாடி பத்துப் பேர் நிக்கறாங்க.”

“இருக்கிறேன்.”

“ஒன்பதா சார், பத்தா?”

இந்த எண் எனக்கு எப்படிப் படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. பத்து போட்டால் முடிந்தது. திங்கட்கிழமை கையெழுத்து. செவ்வாய்க்கிழமை அட்டவணை கிடையாது. எட்டரைக்குச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு… அது கிடக்கட்டும்.

“சிபி அங்கே இருக்கிறானா?”

“பக்கத்துலதான் சார் நிக்கறாங்க. பேச மாட்டேங்கறாங்க. நகத்தைக் கடிக்கறாங்க.”

“கடிக்க வேண்டாம் என்று சொல். பத்து.”

“சார்?”

“பத்து. பத்துக்குப் பத்து. அடி.”

“தேங்க்ஸ் சார். அப்புறம் சார், சிபி கேக்கச் சொல்றாங்க. திங்கக்கிழமை கையெழுத்துக்கு நீங்க வந்து முன்னாடி உக்காரணுமாம்.”

“வருகிறேன். வை போனை.”

என்ன என் கையையே பார்க்கிறீர்கள்? பஸ் ஆடுகிறது, கை ஆடாதா?

நின்றுவிட்டதா? எப்போது நின்றது? சரி, சரி, காலை நகர்த்துங்கள். நான் இறங்க வேண்டும்.